ஒவ்வொரு கான்கிரீட் வளைவும் இரண்டு முறை கட்டப்படுகிறது

எங்கள் வீட்டு மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டது ஒரே நாள். காலை ஏழு மணிக்கு மிக்சர் மெஷின் ஓட ஆரம்பித்தது, இருட்டுவதற்குள் முடிந்தது, எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க சென்ட்ரிங் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். சவுக்குக் கட்டையை அளந்து வெட்டி முட்டுக் கொடுத்தார்கள், அதன் மேல் ரீப்பர் ஓட்டினார்கள், இரும்பு ஷீட்டுகளைப் பரப்பி, இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகாமல் இருக்க காகிதம் திணித்தார்கள். அந்த ஒரு வாரமும் நான் அதைக் 'கட்டுமான வேலை' என்றே நினைக்கவில்லை, ஏதோ முன்னேற்பாடு என்றுதான் நினைத்தேன். கட்டடம் உண்மையில் அப்போதுதான் கட்டப்பட்டது என்பது, ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில் இருக்கும் ஒபெரா ஹவுஸ் அரங்கத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கான்கிரீட்டுக்குச் சொந்தமாக வடிவம் கிடையாது. அது கெட்டியான கூழ். எதில் ஊற்றுகிறோமோ அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்த கான்கிரீட் கட்டடமும் முதலில் மரத்திலோ இரும்பிலோ ஒருமுறை முழுதாகக் கட்டப்பட்டு, அதற்குள் இரண்டாவது முறை கான்கிரீட்டில் கட்டப்படுகிறது. முதலில் கட்டியதைப் பிரித்து எடுத்துப் போய்விடுகிறார்கள், அதனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை, புகைப்படம் எடுப்பதும் அபூர்வம். ஆனால் பணத்தில் கணிசமான பங்கு போகிற இடம் அதுதான். தட்டையான சாதாரணத் தளத்துக்கே இப்படி என்றால், வளைந்து நெளிந்து போகிற கட்டடங்களில் கான்கிரீட்டையும் கம்பியையும் விட, முதலில் கட்டும் அந்த அச்சுதான் விலை கூடுதலாக இருக்கும்.

அந்த அச்சு எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. ஐந்து அங்குலத் தளம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ, மேலே நடமாடும் ஆட்களின் எடை தனி. இது கீழ்நோக்கிய சுமை, எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிகிற சுமை. ஆளைக் கவிழ்ப்பது பக்கவாட்டு அழுத்தம். இறுகாத கான்கிரீட் தண்ணீர் மாதிரிதான் நடந்துகொள்ளும், ஆழம் கூடக்கூட பக்கச்சுவரைத் தள்ளும் விசையும் கூடும். 3 மீட்டர் உயரத் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 7 டன் அளவுக்கு அழுத்தம் வரும். அதாவது தூணின் அடியில் ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தை மட்டும் 600 கிலோவுக்கு மேலான விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலேயே ஒரு தூணில் இது நடந்தது. பெட்டியைச் சுற்றிப் போடும் இறுக்குக் கம்பி ஒன்றைக் குறைத்துவிட்டார்கள், ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பலகை வயிறு தள்ளிவிட்டது. அந்த வீக்கத்தை உளியால் கொத்தி எடுக்க இரண்டு நாள் ஆனது, அந்தத் தூண் இன்றும் மற்ற தூண்களைப் போல நேராக இல்லை.

தட்டைச் சுவர், சதுரத் தூண் என்றால் இந்தச் சிக்கலுக்கு விடை எளிது. கட்டையைக் கூடுதலாக வை, இறுக்கு, அடுத்த தூணுக்கும் அதே பெட்டியைத் தூக்கிப் போய் வை. ஒரு நல்ல பிளைவுட்டை எத்தனை தடவை திருப்பிப் போடலாம் என்பதுதான் ஒரு சென்ட்ரிங் ஒப்பந்தக்காரரின் வாழ்வாதாரமே. பத்துத் தடவை போட்டால் பலகையின் செலவு பத்தில் ஒரு பங்கு. ஒரே தடவைதான் போடலாம் என்றால் அந்த மரத்தின் முழு விலையும் அந்த ஒரு இடத்தின் தலையில். சிக்கலான கான்கிரீட் கட்டடங்களின் முழுக் கதையும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்: இந்தப் பலகையைத் திருப்பிப் போட முடியுமா?

வளைவு வந்தவுடன் இந்தக் கேள்விக்கு 'முடியாது' என்ற பதில் ஏன் வருகிறது? ஒரு காலண்டர் அட்டையை எடுத்துச் சுருட்டிப் பாருங்கள், அழகாகச் சுருளும். உருளை, கூம்பு இரண்டையும் அட்டையில் செய்துவிடலாம், ஆகவே பிளைவுட்டிலும் செய்துவிடலாம். அதே அட்டையை ஒரு பந்தின் மேல் ஒட்டிப் பாருங்கள். மடிப்பு விழும், இல்லையென்றால் கிழியும். இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைகிற பரப்பை எந்தத் தட்டைப் பலகையாலும் மூட முடியாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இழைத்து, பக்கத்துத் துண்டோடு பொருத்த வேண்டும். அப்புறம் வளைவு இடத்துக்கு இடம் மாறினால் எந்தத் துண்டும் இன்னொரு துண்டைப் போல இருக்காது. ஓவியருக்கு ஒரு கோடு, ஆசாரிக்கு ஆயிரம் துண்டு.

இதை முறியடிக்க ஃபெலிக்ஸ் கேண்டெலா கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பெயினில் பிறந்த கட்டடக் கலைஞர், உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் இருந்து 1939-இல் மெக்சிகோவுக்கு அகதியாக வந்தவர். அவர் கையில் எடுத்தது குதிரைச் சேணம் மாதிரியான ஒரு வடிவம். கணிதத்தில் அதற்கு ஹைபர்போலிக் பாராபொலாய்டு என்று பெயர், சுருக்கமாக 'ஹைபார்'. பார்வைக்கு அது இரண்டு திசையிலும் வளைந்திருக்கும், ஆனால் அதன் எந்தப் புள்ளியில் நின்றாலும் அந்தப் பரப்பிலேயே கிடக்கும் இரண்டு நேர்க்கோடுகளை வரைய முடியும். நேர்க்கோடு இருந்தால் நேரான சட்டம் போதும். சாதாரண நேர்ச் சட்டங்களை ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அடுக்கிக்கொண்டே போனால், முடிவில் வளைந்த பரப்பு வந்து நிற்கும். எதையும் வளைக்க வேண்டியதில்லை, இழைக்க வேண்டியதில்லை. 1958-இல் மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ பகுதியில் அவர் கட்டிய லாஸ் மனந்தியாலெஸ் உணவகம் எட்டு இதழ் கொண்ட பூ மாதிரி இருக்கும். அதன் கூரை வெறும் 4 சென்டிமீட்டர் கனம்தான். நம் வீட்டுத் தளத்தில் மூன்றில் ஒரு பங்கு! கூரையின் அடியில் போய் அண்ணாந்து பார்த்தால் அந்த நேரான சட்டங்களின் தடம் தெரியும் என்பதுதான் இந்த முறையின் அழகே. ஆனால் இதற்கும் ஆசாரிகள் நிறையப் பேர் வேண்டும், கூலி குறைவாக இருந்தவரைதான் இது கட்டுப்படியானது. மெக்சிகோவில் கூலி ஏற ஏற இந்த மாதிரிக் கூரைகளுக்கான வேலையும் குறைந்துபோனது.

சரி, சிட்னிக்கு வருவோம். 1957 ஜனவரியில் யோர்ன் உட்சன் என்ற 38 வயது டென்மார்க் கட்டடக் கலைஞர், ஒபெரா ஹவுஸ் வடிவமைப்புப் போட்டியில் 233 போட்டியாளர்களில் முதல் பரிசு வாங்குகிறார். அவர் அனுப்பியவை கிட்டத்தட்ட கோட்டோவியங்கள். துறைமுகத்தில் பாய்மரம் விரிந்த மாதிரி கூரைகள், ஆனால் அந்த வளைவுகளுக்கு எந்தக் கணிதச் சூத்திரமும் கிடையாது, கை போன போக்கில் வரைந்தவை. அதைக் கட்டுகிற பொறுப்பு லண்டனில் இருந்த ஓவ் ஆரப்பின் பொறியாளர்களுக்கு. அவர்கள் பரவளையம் போட்டுப் பார்த்தார்கள், நீள்வட்டம் போட்டுப் பார்த்தார்கள், வருடக்கணக்கில் ஒரு டஜன் வடிவங்களாவது மாற்றிப் பார்த்திருப்பார்கள். கணக்கு ஒருவாறு வந்தாலும் அச்சு வரவில்லை. கூரையின் ஒவ்வொரு ஓட்டுக்கும் (பாய்மரம் மாதிரி வளைந்து நிற்கும் கான்கிரீட் கூரைத் துண்டு) வேறு வளைவு, ஒரே ஓட்டுக்குள்ளேயே அடிக்கு ஒரு வளைவு, உச்சி கடலிலிருந்து 67 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்குக் காடு மாதிரி சாரம் நிறுத்தி, அதன் மேல் ஒரே ஒரு தடவை மட்டும் பயன்படப்போகிற மரவேலையைச் செய்து, பிறகு எல்லாவற்றையும் பிரித்து எறிய வேண்டும்.

இதற்கிடையில் அரசியல் அவசரத்தால் 1959 மார்ச்சிலேயே அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் வடிவமே முடிவாகவில்லை, ஆனால் அதைத் தாங்கப்போகும் தூண்கள் எழுந்துவிட்டன. பின்னால் கூரையின் எடை தெரிந்தபோது அந்தத் தூண்கள் போதாது என்று ஆகி, இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. வரைபடம் முடியாமல் வாஸ்து நாள் பார்த்துக் கடைக்கால் போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது சிட்னி கதையைப் படிக்க வேண்டும்.

விடை 1961-இல் வந்தது. எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக வைத்துக்கொள்வது என்பதே அந்த விடை. உட்சன் அதை ஆரஞ்சுப் பழத்தோலை வைத்து விளக்குவார். கோளத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். பெரிய ஓடோ சின்ன ஓடோ, அரங்கத்தின் மேல் நிற்பதோ உணவகத்தின் மேல் நிற்பதோ, எல்லாவற்றின் வளைவும் ஒன்றுதான், ஏனென்றால் எல்லாம் ஒரே பழத்தின் தோல். இது பார்வைக்கு அழகான யோசனை என்பதைவிட அச்சுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையும் விசிறிக் குச்சிகள் மாதிரி விலா வளைவுகளாகப் பிரிக்கிறார்கள். விலாக்கள் அடியில் ஒரு புள்ளியில் சேர்ந்து, மேலே போகப்போக அகலமாகின்றன. ஒவ்வொரு விலாவையும் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். கோளம் ஒன்றுதான் என்பதால், ஒரு விலாவில் அடியிலிருந்து எண்ணி வரும் நாலாவது துண்டு, மற்றொரு விலாவின் நாலாவது துண்டைப் போலவே இருக்கும். சின்ன ஓட்டுக்குத் துண்டுகள் குறைவு, பெரிய ஓட்டுக்கு அதிகம், அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே அச்சைத் திரும்பத் திரும்பப் போடலாம்! நாலைந்து வருடம் அடைத்துக் கிடந்த கதவு இந்த ஒரு மாற்றத்தில் திறந்தது.

அப்படி வார்த்த துண்டுகள் மொத்தம் 2,194. சில துண்டுகள் 15 டன் வரை எடை. உயரத்தில் தொங்கிக்கொண்டு வார்க்கவில்லை, கட்டுமான இடத்திலேயே தரையில், கைக்கு எட்டுகிற உயரத்தில், அச்சுகளில் வார்த்தார்கள். தரையில் வார்த்தால் மூலை நிரம்பியதா, கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் சரியா என்று குனிந்தே பார்த்துவிடலாம், கோணலாக வந்தால் ஒரு துண்டைத்தான் ஒதுக்க வேண்டும். பிறகு கோபுர கிரேன்களால் தூக்கி, எபாக்சி பசையால் ஒட்டி, உள்ளே எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்துக் கட்டினார்கள். அந்த வடங்களின் மொத்த நீளம் 350 கிலோமீட்டர், சென்னையிலிருந்து திருச்சியையும் தாண்டிப் போய்விடும்.

மேலே துண்டுகளைக் கோக்கும்போது எதன் மேல் தாங்கவைப்பது? கூரையைக் கட்டிய ஹார்னிபுரூக் நிறுவனம் இதற்குச் செய்த உபாயம் எனக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதும் அளவுக்குப் பிடித்தது. தரையிலிருந்து சாரம் எழுப்பாமல், வளைந்த எஃகுச் சட்டகம் ஒன்றைச் செய்தார்கள், நீட்டவும் குறுக்கவும் கூடியது. புதிய விலாவின் துண்டுகள் ஒரு பக்கம் இந்தச் சட்டகத்தின் மேலும், மறுபக்கம் ஏற்கெனவே முடிந்த விலாவின் மேலும் சாய்ந்து நிற்கும். விலா முடிந்ததும் சட்டகத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். ஒரே கோளம் என்பதால்தான் இதுவும் முடிந்தது. வளைவு மாறியிருந்தால் இந்தச் சட்டகமும் ஒரு தடவைப் பொருளாகப் போயிருக்கும். கூரைமேல் மின்னும் 10 லட்சத்துக்கும் அதிகமான சுவீடன் டைல்களையும் ஒவ்வொன்றாக மேலே ஏறி ஒட்டவில்லை, தரையில் அச்சுக்குள் முகம் குப்புறப் பரப்பி, பின்னால் காரை ஊற்றி, பெரிய மூடிகளாக ஆக்கி, அதைத்தான் மேலே மாட்டினார்கள்.

உட்சன் 1966-இல் அரசோடு மோதி வேலையை விட்டு விலகிப் போனார், 1973 அக்டோபரில் கட்டடம் திறந்தபோது அவர் அங்கே இல்லை. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று சொன்ன செலவு 10 கோடியே 20 லட்சத்தில் போய் நின்றது. அதற்கெல்லாம் வளைவுதான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் வரைகிறவரும் வார்க்கிறவரும் ஒரே மேசையில் உட்கார நான்கு வருடம் ஆனதற்கு ஒரு விலை இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. உட்சனுக்குப் பரிசு கொடுத்த நடுவர்களில் ஒருவரான ஈரோ சாரினென், அதே காலத்தில் நியூயார்க்கில் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் முனையத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார். பறவை இறக்கை விரித்த மாதிரி நான்கு ஓடுகள். அவர் போனது நேர் எதிர் வழி: கோளமும் இல்லை, துண்டும் இல்லை, வளைவுக்கு வளைவு சாரம் நிறுத்தி, மரவேலை செய்து, அந்த இடத்திலேயே வார்ப்பது. 1962-இல் திறந்த அந்தக் கட்டடம் இன்றும் கண்கொள்ளாத அழகு. ஆனால் அந்த மரவேலை அந்த ஒரு கட்டடத்தோடு முடிந்தது.

டெல்லி தாமரைக் கோயிலுக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். பஹாய் சமயத்தாரின் வழிபாட்டு இடம், ஈரானில் பிறந்த ஃபரிபுர்ஸ் சஹ்பாவின் வடிவமைப்பு, 1986 டிசம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டியது எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவான ஈசிசி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பளிங்கில் செதுக்கிய பூ மாதிரி இருக்கும். பளிங்கு கிரேக்க நாட்டு பென்டெலி மலையிலிருந்து வந்த மேலுறை மட்டும்தான், உள்ளே நிற்பது கான்கிரீட் ஓடு. மொத்தம் 27 இதழ்கள், மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஒன்பது. வெளி அடுக்கு வாசல்களுக்கு மேல் குடையாக விரிகிறது, நடு அடுக்கு நிமிர்ந்து நிற்கிறது, உள் அடுக்கு மொட்டாகக் குவிந்து 34 மீட்டருக்கு எழுகிறது.

பூவைப் பார்த்துப் பூவை வரைந்தால் கட்ட முடியாது என்று சஹ்பாவுக்கும் லண்டன் பொறியாளர்களான ஃப்ளின்ட் அண்ட் நீல் நிறுவனத்துக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. சிட்னி கற்றுக்கொடுத்த பாடம் அவர்கள் கண்முன்னால் இருந்தது. ஆகவே இதழ்களின் பரப்பு முழுவதையும் கோளம், உருளை, கூம்பு, அப்புறம் சைக்கிள் ட்யூப் மாதிரியான டொராய்டு வடிவம், இவற்றின் துண்டுகளாக மாற்றினார்கள். ஒன்பது பக்கமும் ஒரே அளவு என்பதால் ஒரு இதழின் அச்சு அடுத்த இதழுக்கும் பொருந்தும். ஆனாலும் கட்டடத்தில் நேர்க்கோடு என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. தூக்குக்குண்டு போட்டு நூல் பிடிக்கிற வழக்கமான முறை அங்கே உதவாது, ஒவ்வொரு புள்ளியையும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்ணாகக் கணக்கிட்டு, அந்த இடத்தில் பலகையை நிறுத்த வேண்டும்.

உள்பக்கத்துக்குப் பளிங்கு கிடையாது. நீங்கள் உள்ளே அமர்ந்து அண்ணாந்து பார்ப்பது வெள்ளை சிமெண்டும் டோலமைட் கல்லும் கலந்த கான்கிரீட்டை. மேலே பூசி மறைக்க வழியில்லாத இடம் என்றால் அச்சின் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு நாள் ஊற்றி நிறுத்திய கோடும் சாகும்வரை தெரியும். துருக்கறை வெள்ளையில் ஊறிவிடக் கூடாதென்று கம்பிகளுக்கெல்லாம் துத்தநாகப் பூச்சுக் கொடுத்தார்கள். ஊற்றி நிறுத்திய கோடு தாறுமாறாக விழாமல் இருக்க, ஒரு இதழின் கான்கிரீட்டை இரவு பகலாக இடைவிடாமல் போட்டார்கள். டெல்லி வெயிலில் கலவை சூடாகி வெடிக்காமல் இருக்க ஐஸ் கலந்து குளிர்வித்தார்கள். அந்தக் கலவை மேலே போனது பெரும்பாலும் சித்தாள் பெண்களின் தலைச்சுமையில். சாரத்தில் வரிசையாக ஏறி, பாண்டைக் கொட்டிவிட்டு, இறங்கி, திரும்ப ஏறி. லண்டன் கம்ப்யூட்டரில் பிறந்த வளைவு அவர்கள் கழுத்தெலும்பின் மேல் ஏறித்தான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. தாமரைக் கோயிலின் படத்தைப் பகிர்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஊற்றி நிறுத்திய கோட்டை மறைக்க முடியாதென்றால் காட்டிவிடு என்று முடிவெடுத்தவரும் உண்டு. டாக்கா நாடாளுமன்றக் கட்டடத்தில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் ஒரு நாளைக்கு 5 அடி உயரம் மட்டும் ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு நாளின் கோட்டிலும் வெள்ளைப் பளிங்குப் பட்டை ஒன்றைப் பதித்துவிட்டார். மூங்கில் சாரத்தில் நின்று வேலை செய்தவர்களின் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரில் எண்ணிப் பார்க்கும்படி இருக்கிறது.

கடைசியில் பிரிப்பது. நம் நாட்டு விதித்தொகுப்பு ஐஎஸ் 456 தூண், சுவர் ஓரப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம் என்கிறது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டரைத் தாண்டிய உத்திரத்துக்கு 21 நாள். இவை சாதாரண சிமெண்டுக்கும் மிதமான வெப்பத்துக்கும் சொன்ன குறைந்தபட்சக் கெடு. வளைந்த ஓட்டில் நாளைவிட வரிசை முக்கியம். முட்டு நிற்கும்வரை ஓடு தன் எடையைத் தானே சுமக்கவில்லை. எடுக்க ஆரம்பித்ததும் சுமை வளைவு வழியாக ஓரங்களுக்கு ஓட வேண்டும், ஒரு பக்கத்து முட்டை மட்டும் முதலில் உருவினால் வடிவமைப்பாளர் நினைத்தே பார்க்காத இடத்தில் ஓடு இழுபடும், விரிசல் விடும். ஆகவே நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரு பக்கமும் சமமாக, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்குவார்கள்.

இன்றைக்குப் பெரிய தெர்மோகோல் கட்டியை கம்ப்யூட்டர் சொல்கிறபடி இயந்திரம் குடைந்து, மேலே பிசின் பூசி, எந்த வளைவுக்கும் அச்சு செய்துவிடலாம். ஆசாரிக்கு ஆயிரம் துண்டு என்ற தொல்லை போய்விட்டது. ஆனால் திருப்பிப் போடும் கேள்வி போகவில்லை. வளைவு ஒவ்வொன்றும் வேறு என்றால் ஒரு முறை வார்த்ததும் அந்தத் தெர்மோகோல் மலை குப்பைக்குத்தான் போகும்.

அதனால்தான் 2018-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்த ஒரு சோதனை எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகப் படுகிறது. சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்து பிளாக் ஆய்வுக்குழுவும் ஜாஹா ஹடிட் கட்டடக்கலை நிறுவனமும் சேர்ந்து, கேண்டெலாவுக்கு மரியாதையாக ஒரு சேணக் கூரை கட்டினார்கள். பெயர் 'நிட்கேண்டெலா'. அதன் அச்சு பின்னல் துணி. ஸ்வெட்டர் பின்னுவது போன்ற இயந்திரத்தில் 36 மணி நேரத்தில் நான்கு நீளத் துண்டுகளாகப் பின்னி, பெட்டியில் மடித்து வைத்து விமானத்தில் கொண்டுபோனார்கள். அங்கே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, துணியின் பைகளுக்குள் சாதாரண பலூன்களை ஊதி நுழைத்து, மேலே மெல்லிய சிமெண்ட் பூச்சுக் கொடுத்துக் கெட்டியாக்கி, அதன் மேல் கான்கிரீட்டைக் கையால் அப்பினார்கள். துணியும் அதைத் தாங்கிய கம்பி வலையும் சேர்ந்து 55 கிலோ. அது சுமந்தது 5 டன்னுக்கும் மேலான கான்கிரீட்டை. கனம் 3 சென்டிமீட்டர். பிரித்து எறிய மரக்குவியல் எதுவும் இல்லை, துணி கூரையின் அடிப்பரப்பாகவே அங்கே தங்கிவிட்டது, அண்ணாந்து பார்த்தால் பின்னலின் கண்கள் தெரிந்தன.